யுவிபி பல்ப்: கேட்டவர்களுக்குப் பதில்

வீட்டில் ஊர்வன வளர்ப்பவர்கள் இந்த மாதம் கேட்டதில் பாதிக்கு மேல் யுவிபி லைட் பற்றித்தான். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர்களில் ஒரு வகைதான் யுவிபி. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கே: வேளச்சேரியில் இருக்கிறேன். சிவப்புக் காது ஆமை, ஒன்றரை வயது. ஓட்டை அழுத்தினால் லேசாக அமுங்குகிறது. மீன் கடையில் ‘யுவி லைட்’ என்று ஊதா வெளிச்சம் வரும் ஒன்று கொடுத்தார்கள். போடலாமா?

ப: வேண்டாம், மாட்டியிருந்தால் முதலில் கழற்றுங்கள். மீன் கடையில் யுவி லைட் என்றால் பெரும்பாலும் தண்ணீரில் கிருமி கொல்லும் யுவிசி விளக்கு, 254 நானோமீட்டர். ஃபில்டர் பெட்டிக்குள் மூடி எரிய வேண்டிய சாமான் அது. வெளியே எரிந்தால் ஆமைக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் கண் கெடும். அது இல்லையென்றால் வெறும் ஊதா எல்இடியாக இருக்கும். அதனால் கெடுதலும் இல்லை, பயனும் இல்லை. யுவிபி கண்ணுக்கே தெரியாது. நிறத்தைப் பார்த்து வாங்கினால் ஏமாந்துதான் போவீர்கள்.

அந்த வயதில் ஓடு அமுங்குவது நல்லதல்ல. தோலில் யுவிபி பட்டால்தான் வைட்டமின் டி3 உருவாகும். டி3 இல்லாமல் எவ்வளவு கணவாய் ஓடு போட்டாலும் சுண்ணாம்புச் சத்து உடம்பில் ஒட்டாது. இந்த வாரமே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். லைட் இனி வரப்போவதைத் தடுக்கும், வந்துவிட்டதை அது மட்டும் சரிசெய்யாது.

சென்னையில் இருக்கும் உங்களுக்கு மொட்டை மாடி இருக்கிறதே! காலை எட்டரை வாக்கில் பிளாஸ்டிக் டப்பில் கொஞ்சம் தண்ணீர், ஏறி உட்கார ஒரு கல், பாதி நிழல். அரை மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள், காக்கை விடாது. கண்ணாடித் தொட்டியோடு மட்டும் வெயிலில் வைக்காதீர்கள், வெந்துவிடும்.

கே: டொரொண்டோவிலிருந்து. பியர்டட் டிராகன் (ஓணான் வகை) தொட்டி தெற்குப் பார்த்த ஜன்னலோரம். நல்ல வெயில் விழுகிறது. தனி லைட் வேண்டுமா?

ப: வேண்டும். ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தை விடும், சூட்டை விடும், யுவிபியை மட்டும் ஏறக்குறைய முழுவதும் பிடித்துக்கொள்ளும். உங்கள் ஊர்க் குளிர்காலத்தில் வெளியிலேயே அது சொற்பம். நானும் இதில் அடிபட்டவன். என் முதல் இகுவானாவுக்கு விலை கொடுத்து வாங்கிய பல்பைக் கண்ணாடி மூடிமேல் வைத்து எட்டு மாதம் எரித்தேன். பின்னங்கால் நடுங்க ஆரம்பித்த பிறகுதான் உறைத்தது.

டி5 ஹெச்ஓ என்ற மெல்லிய, திறன் கூடிய டியூப் வாங்குங்கள், 10 அல்லது 12 சதவீத யுவிபி, ரிஃப்ளெக்டரோடு. தொட்டி நீளத்தில் பாதிக்குக் குறையாமல் இருக்கட்டும். சுருள் பல்ப் ஒரு மூலைக்குத்தான் போதும். எப்போதும் தலைக்கு மேலே இருந்து வர வேண்டும். பக்கவாட்டில் வைத்தால் நேராகக் கண்ணில் அடிக்கும். கம்பி வலை மூன்றில் ஒரு பங்கையோ அதற்கு மேலோ தின்றுவிடும். அதனால் டியூப் வலைக்கு மேலே என்றால் முதுகிலிருந்து சுமார் 25 செ.மீ., வலைக்குள்ளே என்றால் 40. இது தோராயம்தான். யுவி அளவைக் காட்டும் சோலார்மீட்டர் 6.5 கருவி யாரிடமாவது இரவல் கிடைத்தால் வெயில் காயும் இடத்தில் வைத்துப் பாருங்கள், 3 முதல் 4 வரை காட்டினால் சரி. பெட்டியில் போட்டிருக்கும் சதவீதத்தைவிட முதுகில் விழும் இந்த எண்தான் எனக்கு முக்கியம்.

கே: பல்ப் எரிந்துகொண்டுதானே இருக்கிறது, ஏன் மாற்றச் சொல்கிறீர்கள்?

ப: வெளிச்சம் நிற்கும் முன்பே யுவிபி தேய்ந்துவிடும். டி5 என்றால் வருடத்துக்கு ஒன்று, சுருள் பல்ப் ஆறு மாதம். மாட்டிய தேதியை ஃபிட்டிங்கிலேயே மார்க்கரால் எழுதுங்கள்.

கே: லெப்பர்டு கெக்கோ (பல்லி வகை) இரவில்தானே நடமாடும்? அதற்கும் யுவிபி வேண்டுமா?

ப: அந்தி சாயும்போதும் விடியும்போதும் வெளியே வரும். குறைந்த சதவீத டியூப், ஒளிய நிறைய இடம், சோலார்மீட்டர் அளவு 0.7-ஐத் தாண்ட வேண்டாம். கருநிறமி இல்லாத ஆல்பினோ என்றால் இன்னும் குறைவு.

கே: நட்சத்திர ஆமைக்கு எத்தனை சதவீதம்?

ப: இந்தியாவின் 1972 வனவிலங்குச் சட்டப்படி அதை வீட்டில் வைப்பதே குற்றம். லைட் தேடாதீர்கள், வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.

கே: இரவிலும் எரியட்டுமா?

ப: வேண்டாம். டைமர் மாட்டி 12 மணி நேரத்தோடு அணைத்துவிடுங்கள். உங்கள் பிராணியும் தூங்கட்டும்.