நேர்ந்துவிட்ட கிடாவும் அடிமாடும்

கேள்வி: ஆடி வந்தால் சேலத்தில் தெருவுக்குத் தெரு கிடா வெட்டு. பிறந்ததிலிருந்து சுத்த சைவமான எனக்கு அந்த மாதம் வீட்டை விட்டு வெளியே வரவே மனம் கூசுகிறது. பிள்ளை மாதிரி வளர்த்த ஆட்டைக் கழுத்தைப் பிடித்துக் கொடுக்கிறவர்களுக்கு ஈரநெஞ்சு என்று ஒன்று உண்டா? பாலும் தயிருமாக, ஓர் உயிருக்கும் தீங்கில்லாமல் எங்களால் வாழ முடிகிறதே, அவர்களால் ஏன் முடியாது? அரசு ஒரு சட்டம் போட்டு இதைத் தடுத்தால் என்ன?

— பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகர், அழகாபுரம், சேலம்

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். சட்டம் போட்டுப் பார்த்தாகிவிட்டது ஐயா. கோயில்களில் ஆடு, கோழி பலியிடுவதைத் தடுக்கும் சட்டம் 1950லேயே வந்தது. ஐம்பது வருஷம் கிடப்பில் கிடந்ததை 2003ல் தூசு தட்டி எடுத்தார்கள். கோபம் வந்தது கிராமத்துச் சாமிகளுக்கா, ஓட்டுப் போடுகிறவர்களுக்கா என்று எனக்குத் தெரியாது. 2004ல் சட்டத்தையே ரத்து செய்துவிட்டார்கள். இதில் வேடிக்கை, அந்தச் சட்டம் கசாப்புக் கடையைத் தொடவில்லை, பிரியாணிக் கடையைத் தொடவில்லை. சாமி பேரைச் சொல்லி வெட்டினால் மட்டும்தான் குற்றம். ஆட்டுக்கு இதில் என்ன வித்தியாசம் தெரிந்திருக்கும்?

சரி, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது வேறு ஒரு வரி. ‘ஓர் உயிருக்கும் தீங்கில்லாமல்.’

சேர்வராயன் மலை அடிவாரத்தில் எங்கள் வீட்டில் ஒரு பசு இருந்தது. நிறத்தை வைத்துச் சிவப்பி என்று பெயர். அம்மா கறக்க உட்காருவதற்கு முன்னால் கன்றை அவிழ்த்துவிடுவார். அது முட்டி முட்டிக் குடித்துப் பால் சுரந்த பிறகுதான் சொம்பு மடிக்குக் கீழே வரும். இரண்டு காம்பு நமக்கு, இரண்டு காம்பு கன்றுக்கு. இந்தக் கணக்கு சிவப்பியின் மூன்றாவது ஈற்றில் தவறியது. பிறந்தது காளைக்கன்று. ஒரு மாதத்துக்குள் கழிச்சல் வந்து செத்துப் போனது. கன்று இல்லாமல் சிவப்பி பால் விடவில்லை. யாரோ சொன்ன யோசனைப்படி தோலை உரித்து, உள்ளே வைக்கோலைத் திணித்துத் தைத்துக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தினார்கள். சிவப்பி நக்கியது. நக்க நக்கப் பால் இறங்கியது. நாலைந்து நாளில் வயிற்றுப் பக்கம் தையல் விட்டு வைக்கோல் எட்டிப் பார்த்தது. நக்கிக்கொண்டே இருந்தது, நடுவில் அந்த வைக்கோலை இழுத்துத் தின்றது.

அந்தப் பாலில்தான் எனக்குக் காபி போட்டார்கள். காபிக்கொட்டை ஏற்காட்டுத் தோட்டத்துக் கொட்டை. நன்றாகத்தான் இருந்தது.

இப்போது அந்தத் தோல் கன்றுக்குக்கூட வேலை குறைந்துவிட்டது. கலப்பின ஜெர்சிக்குக் கன்று இல்லாமலே கறக்கப் பழக்கிவிடுகிறார்கள். ஆனால் கன்று பிறந்தால்தான் பால் என்ற விதியை எந்தக் கறவை இயந்திரமும் மாற்றவில்லை. பிறப்பதில் ஏறக்குறைய பாதி காளைக்கன்று. உழவுக்கு டிராக்டர் வந்தாயிற்று, சினைக்கு ஊசி வந்தாயிற்று. அப்புறம் அந்தக் காளைக்கன்றை வைத்துக்கொண்டு ஒரு விவசாயி என்ன செய்வார்? கிடேரியாகவே, அதாவது பெண் கன்றாகவே பிறக்கும்படி பிரித்தெடுத்த சினை ஊசி இப்போது வந்திருக்கிறது. அப்படி ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது என்பதிலிருந்தே காளைக்கன்றின் கதி என்னவென்று ஊகிக்கலாம்.

தாய்க்கும் அதே கதைதான், கொஞ்சம் தாமதமாக. கறவை வற்றி, சினையும் பிடிக்காத மாட்டுக்குத் தினமும் தீவனம் போட வேண்டும். மழை பொய்த்த வருஷத்தில் ஓமலூர், மேச்சேரி பக்கம் சோளத்தட்டு என்ன விலை விற்கும் என்று கேட்டுப் பாருங்கள். பால் ஊற்றிப் பிழைக்கிறவர் எத்தனை மாட்டை உட்கார வைத்துச் சோறு போடுவார்? தரகர் வருவார். துண்டைப் போட்டு மூடிக்கொண்டு விரலைப் பிடித்து விலை பேசுவார். சிவப்பியும் அப்படித்தான் போனாள். கயிற்றை மட்டும் அம்மா அவிழ்த்து வைத்துக்கொண்டார், தொழுவத்தின் ராசி போகக் கூடாதாம்.

‘அடிமாட்டு விலைக்குக் கொடுத்தேன்’ என்று பழைய ஸ்கூட்டரை விற்றவரும் சொல்கிறார், வீட்டுமனையை விற்றவரும் சொல்கிறார். அந்தச் சொல்லுக்குள் ஒரு மாடு நிற்பது யாருக்கும் தெரிவதில்லை. தமிழ்நாட்டில் 1958ஆம் வருஷத்துச் சட்டப்படி, பத்து வயதைத் தாண்டி, உழைக்கவும் கன்று போடவும் லாயக்கில்லை என்றோ, காயத்தாலோ தீராத நோயாலோ நிரந்தரமாக முடங்கிவிட்டது என்றோ சான்று இருந்தால்தான் மாட்டை வெட்டலாம். ஒரு சரக்கு வண்டியில் ஆறு மாட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று 1978ஆம் வருஷத்து விதி சொல்கிறது. நெடுஞ்சாலையில் ராத்திரி போகும் மாட்டு லாரிக்குப் பின்னால் ஒரு தரம் வண்டி ஓட்டிப் பாருங்கள், ஆறோடு எண்ணிக்கை நிற்கிறதா என்று. லாரியில் போகும் அந்த மாடு நேற்று வரை யாருக்குப் பால் கொடுத்தது? கறி தின்னும் எனக்கு மட்டுமா? உங்கள் நெய்க்கும் என் வீட்டுக் குழம்புக்கும் ஒரே தொழுவம்தான் ஐயா. தின்கிறவன் இல்லையென்றால் விற்கிறவன் இருக்க மாட்டான் என்று வள்ளுவர் புலால் மறுத்தலில் போட்ட கணக்கு பால் குடிக்கிறவனுக்கும் பொருந்தும்.

இனி ஆடிக்கிடாவுக்கு வருவோம். நேர்ந்துவிட்ட கிடாவை நீங்கள் நெருங்கிப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன், வீட்டை விட்டே வெளியே வராதபோது எப்படிப் பார்ப்பது! அதைக் கட்டிப் போட மாட்டார்கள். யார் காட்டில் மேய்ந்தாலும் அடிக்க மாட்டார்கள், சாமி ஆடு. ஊர் சுற்றும் வாலிபனை ‘நேர்ந்துவிட்ட கிடா மாதிரி திரிகிறான்’ என்று திட்டுவது சும்மா இல்லை. கொங்கணாபுரம் சனிச்சந்தையில் வாங்கிவரும் கிடாவும் பெரும்பாலும் காட்டிலும் மேட்டிலும் மேய்ந்து வளர்ந்ததுதான். கடைசி நாளில் மாலை போட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்து, அது உடம்பைச் சிலிர்த்துச் சம்மதம் கொடுத்த பிறகுதான் வெட்டுவார்கள். (குளிர்ந்த தண்ணீரைத் தெளித்தால் எந்த ஆடும் சிலிர்க்கத்தான் செய்யும். அந்தச் சம்மதத்தை நானும் நம்பவில்லை.)

வெட்டு நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. பிடிக்கத் தெரியாதவன் பிடித்து, கூர் மழுங்கிய அரிவாளால் இரண்டாவது முறை ஓங்கியதைப் பார்த்திருக்கிறேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அந்தக் கிடாவுக்குக் கொடுமை நடந்தது ஒரு நிமிஷம். ஒன்றரை வருஷம் அது ஆடாக இருந்தது. அடுத்த பிறவியில் நேர்ந்துவிட்ட கிடாவா, கறவை மாடா என்று கேட்டால் எனக்கு யோசிக்க நேரம் தேவைப்படாது.

கோழியாக மட்டும் பிறக்க மாட்டேன். பழைய சேலம் மாவட்டத்திலிருந்து 1997ல் பிரிந்த நாமக்கல்லுக்கு ஒரு நடை போய் வாருங்கள். முட்டைப் பண்ணையில் வரிசை வரிசையாகக் கம்பிக்கூண்டு. ஒரு கோழியின் பங்குக்கு வரும் இடம் நீங்கள் எனக்குக் கடிதம் எழுதிய ஏ4 தாளைவிடச் சின்னது. சிறகை விரிக்க முடியாது. ஒன்றையொன்று கொத்தாமல் இருக்க, குஞ்சாக இருக்கும்போதே சூடான தகட்டால் மூக்கை வெட்டிவிடுவார்கள். ஒன்றரை வருஷம் முட்டை, பிறகு கழிவுக் கோழி. அதன் கூடப் பிறந்த சேவல் குஞ்சு முட்டையும் இடாது, கறியும் பிடிக்காது. அதனால் பிறந்த அன்றே அதன் கணக்கு முடிகிறது. தப்பித்த சில குஞ்சுகளைத்தான் திருவிழாக் கடையில் ரோஸும் பச்சையுமாகச் சாயம் முக்கி அட்டைப்பெட்டியில் விற்கிறார்கள். என் பேத்தி ஒன்று வாங்கி வந்தாள். மூன்று நாள். நகத்தில் ஒட்டிய ரோஸ் சாயம்தான் அதைவிட அதிக நாள் இருந்தது.

அசையக்கூட இடம் போதாத கூண்டில் ஓர் உயிரை அடைத்தால் குற்றம் என்று 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் இருக்கிறது. அந்தச் சட்டம் வர மாநிலங்களவையில் மசோதா கொண்டுவந்து போராடியவர் நம் ருக்மிணி தேவி அருண்டேல். 2017ல் சட்ட ஆணையம் இந்தக் கோழிக் கூண்டுகளைப் பற்றித் தனி அறிக்கையே கொடுத்தது. அந்த 1960 சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய். கார்டு இல்லாமல் கடையில் ஆவின் ஆரஞ்சு பாக்கெட் ஒரு லிட்டர் வாங்கக்கூட அந்த ஐம்பது போதாது. சட்டம் போட்டால் என்ன என்று கேட்டீர்களே, போட்ட சட்டத்தில் இந்த ஐம்பதை மாற்றச் சொல்லி எழுதுங்கள். நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அடுத்த வாரம் வேறு யாராவது கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கிறேன். ஓர் ஆட்டின் கண்ணெதிரே இன்னோர் ஆட்டை அறுக்கக் கூடாது என்று 2001ஆம் வருஷத்து அறுவைக்கூட விதி இருக்கிறது. நான் வாங்கும் கடையில் தொங்கும் உடலுக்கு இரண்டடி தள்ளி ஒரு சேலம் கருப்பு ஆடு நின்று அகத்தித்தழை கடித்துக்கொண்டிருக்கும். எல்லாம் தெரிந்துதான் ‘தொடையில் அரைக் கிலோ’ என்கிறேன். என்னிடம் ஈரநெஞ்சு இல்லை என்று நீங்கள் எழுதினால் அச்சிடுவேன். ஆனால் கிடா வெட்டுகிற தெருக்காரனைச் சொல்லாதீர்கள். ஊரே பார்க்க, பட்டப்பகலில், தன் கையால் செய்கிறான். நீங்களும் நானும் அதை லாரிக்காரனிடமும் கடைக்காரனிடமும் விட்டுவிட்டுச் சுத்தமாக இருக்கிறோம்.

சைவத்தை விடச் சொல்லவில்லை. உங்கள் தட்டால் சில ஆடு பிழைக்கிறது, அது பெரிய விஷயம். இரண்டு தட்டைக்கு நடுவே பீட்ரூட்டும் வெங்காயமும் வைத்துத் தரும் நம்மூர் தட்டுவடை செட்டைப் போல எந்த மாட்டுக்கும் கோழிக்கும் கடன்படாத தீனி உலகத்திலேயே குறைவு. அதைத் தின்றுகொண்டே யோசியுங்கள்.

ஒரு வேலை மட்டும் செய்ய முடியுமா? பாக்கெட் பால் வாங்குகிறவர் என்றால் கேட்க ஆள் கிடைக்காது. வீட்டுக்கே வந்து ஊற்றுகிறவர் இருந்தால், நாளைக் காலையில் சொம்பை நீட்டும்போது கேளுங்கள், போன வருஷம் பிறந்த காளைக்கன்று இப்போது எங்கே இருக்கிறது என்று. அவர் சொல்வதை எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.