அங்கன்வாடி, சுகாதாரம், பள்ளி என்று துறைகள் சேர்ந்து வேலை செய்தால் மலைக்கிராமக் குழந்தைக்கு உண்மையில் என்ன மாறும்?

நீலகிரி மாவட்டம் பந்தலூர் பக்கம் 14 வருடமாக அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். நிறைய மாறும். ஒரு பையனை வைத்தே சொல்கிறேன்.

பணியர் என்ற பழங்குடி வீட்டுப் பிள்ளை. எங்கள் மையத்துக்கு வந்த காலத்தில் எடை ஏறவே ஏறாது. மாதாமாதம் எடை போட்டு, சத்துமாவு கொடுத்து அனுப்புவேன். பிறகு பள்ளிக்குப் போனான். ஆனி, ஆடி மழையில் வாரக்கணக்கில் வரமாட்டான். அங்கே 'இடைநிற்றல்' என்று எழுதிவிட்டார்கள். நர்சம்மாவின் பதிவேட்டிலோ அவனுக்கு சிக்கிள் செல் சோகை என்று இருந்தது. பரம்பரையாக வரும் ரத்த நோய். குளிர் பட்டால், உடம்பில் தண்ணீர் குறைந்தால் எலும்பும் மூட்டும் தாங்க முடியாமல் வலிக்கும். மழையில் அவன் ஏன் வரவில்லை என்பதற்கான பதில் ஒரு நோட்டில் இருந்தது, கேள்வி இன்னொரு நோட்டில் இருந்தது. அந்தப் பிள்ளை வீட்டில் சுருண்டு கிடந்த நாட்களை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

2023-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரை எல்லோருக்கும் இந்தப் பரிசோதனை உண்டு. மிக நல்ல காரியம். ஆனால் முடிவு வகுப்பறை வரை வந்து சேர வேண்டுமே. அங்கன்வாடிகளை நடத்தும் எங்கள் திட்டத்தின் பெயரிலேயே 'ஒருங்கிணைந்த' என்று இருக்கிறது. 1975-ல் தொடங்கியபோதே ஆறு சேவைகளில் தடுப்பூசி, உடல் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புதல் மூன்றையும் சுகாதாரத்துறையோடு சேர்த்துத்தான் வைத்தார்கள்.

எங்களுக்கு வழி திறந்தது எந்தக் கூட்டத்திலும் இல்லை. மாதத்தில் ஒரு நாள் மையத்தில் நடக்கும் சுகாதார ஊட்டச்சத்து நாளுக்குத் தலைமையாசிரியரையும் வரச் சொன்னோம். அவன் அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, நர்சம்மா, தலைமையாசிரியர், நான் என மூன்று பேரும் நோட்டைத் திறந்து வைத்தோம். ஒரே பையனுக்கு மூன்று விதமாகப் பெயர், இரண்டு பிறந்த தேதி! அன்றைக்கு முடிவு செய்தவை சின்ன விஷயங்கள்: மழை நாளில் பிரேயருக்கு வெளியே நிறுத்தக் கூடாது, ஸ்வெட்டர் போட்டிருக்க வேண்டும், அடிக்கடி தண்ணீர் குடிக்க விட வேண்டும், வலி வந்தால் உடனே நர்சம்மாவுக்குப் போன். அதற்கப்புறம் மழைக்காலத்திலும் வருகிறான்.

உங்கள் ஊரில் இதைக் கேட்பதானால், எல்லாத் துறையினரையும் ஒரே நாளில், ஊருக்கே வரச் சொல்லிக் கேளுங்கள். தோட்டக் கூலிக்குப் போகும் அம்மாவுக்கு ஒவ்வொரு அலுவலகத்துக்கும் போய்வருவது ஒரு நாள் கூலி இழப்பு. அவன் பிறந்த தேதியைத் திருத்த அவள் மூன்று முறை போய்வந்துவிட்டாள். அந்த அலுவலகத்திலிருந்து யாராவது அடுத்த மாதம் எங்கள் மையத்துக்கு வரவேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம்.