ஹாஸ்கெல் நிரலுக்கும் சோதனை தேவையா?

கேள்வி: ஜாவாவில் யூனிட் டெஸ்ட் எழுதிப் பழகிய நான், இப்போது ஹாஸ்கெல் கற்று வருகிறேன். டைப் (தரவு வகை) பிழைகளைக் கம்பைலரே பிடித்துவிடும் மொழியில் தனியாகச் சோதனை எழுத வேண்டுமா? எழுதுவதென்றால் எங்கிருந்து தொடங்குவது?

பதில்: கட்டாயம் எழுத வேண்டும். ஒரு பட்டியலைத் தலைகீழாக்கும் ஃபங்ஷனை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியலை வாங்கிப் பட்டியலைத் தருகிறது என்பதற்கு மேல் அதன் டைப் பெரிதாக எதையும் சொல்வதில்லை. வாங்கியதை அப்படியே திருப்பிக் கொடுத்தாலும், காலிப் பட்டியலைக் கொடுத்தாலும் கம்பைலர் தடுக்காது.

ஜாவாவில் எழுதியதைப் போலவே, இந்த உள்ளீட்டுக்கு இந்த விடை என்று எழுத ஹெச்யூனிட், ஹெச்ஸ்பெக் ஆகிய சோதனை நூலகங்கள் இருக்கின்றன. தூய ஃபங்ஷனின் விடை அதன் உள்ளீட்டை மட்டுமே பொறுத்தது என்பதால், சோதனைக்காகப் போலிப் பொருள்களை (மாக்) உருவாக்கும் வேலை பெரும்பாலும் மிச்சம். ஆனால் கோப்பு வாசிப்பதையும் கணக்கிடுவதையும் ஒரே ஃபங்ஷனில் கலந்துவிட்டால் இந்த வசதி போய்விடும். இரண்டையும் முதலிலேயே பிரித்துவிடுங்கள்.

அடுத்ததாக, 2000-ஆம் ஆண்டில் ஸ்வீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோயன் கிளேசனும் ஜான் ஹியூஸும் வெளியிட்ட குவிக்செக் என்ற சோதனை நூலகத்தை அவசியம் பழகுங்கள். எடுத்துக்காட்டுகளுக்குப் பதிலாக, எல்லா உள்ளீட்டுக்கும் பொருந்த வேண்டிய பண்பு ஒன்றை நீங்கள் எழுதினால், அது தானாகவே 100 உள்ளீடுகளை உருவாக்கிச் சோதிக்கும். இருமுறை தலைகீழாக்கினால் பழைய பட்டியலே வரும் என்பதைத்தான் பாடங்களில் முதலில் காட்டுவார்கள். அது போதாது, எதையும் மாற்றாமல் திருப்பித் தரும் பிழையான ஃபங்ஷனும் அதில் தேறிவிடும். ஓர் உறுப்பு மட்டுமே உள்ள பட்டியல் மாறாது என்பதையும், இரு பட்டியல்களை இணைத்துத் தலைகீழாக்கினால் இரண்டாவதன் தலைகீழ் முன்னும் முதலாவதன் தலைகீழ் பின்னும் வரும் என்பதையும் எழுதுங்கள். எந்தப் பட்டியலையும் ஒற்றை உறுப்புகளாகப் பிரித்துவிடலாம் என்பதால், இவ்விரு பண்புகளும் சேர்ந்து அந்த ஃபங்ஷனை முழுமையாக வரையறுத்துவிடுகின்றன. இப்படிச் சிந்திக்கப் பழகுவதே குவிக்செக்கின் பெரும்பயன் என்பது என் கருத்து.

இணைப்பு பற்றிய பண்பை எழுதும்போது முன்பின் வரிசையை மாற்றி எழுதிவிட்டால், குவிக்செக் தோல்வி கண்ட உள்ளீட்டைப் படிப்படியாகச் சுருக்கி, [0], [1] போன்ற மிகச் சிறிய இரு பட்டியல்களை உங்கள் முன் வைக்கும். இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். ஹாஸ்கெல் நிரலை உடனுக்குடன் இயக்கிப் பார்க்கும் ஜிஹெச்சிஐ-யில் டைப்பைக் குறிப்பிடாமல் சோதித்தால், உறுப்புகள் ஒரே ஒரு மதிப்பு மட்டுமே கொண்ட யூனிட் டைப்பாகக் கொள்ளப்படும். எல்லா உறுப்புகளும் ஒன்றுபோலவே இருப்பதால், வரிசை மாறிய தவறான பண்பும் 100 சோதனைகளிலும் தேறிவிடும். எனவே முழு எண்களின் பட்டியல் என்று டைப்பை வெளிப்படையாக எழுதுங்கள். குவிக்செக் கண்டுபிடித்துத் தரும் ஒவ்வொரு தோல்வியையும் ஹெச்யூனிட்டில் நிலையான சோதனையாகச் சேர்த்துவையுங்கள். உள்ளீடுகள் ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்கப்படுவதால், அடுத்த முறை அதே உள்ளீடு வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.