கேள்வி உங்களுடையது: “ஒரு நாய்க்காக இப்படியா?”

கேள்வி: எங்கள் வீட்டு நாய் 11 வருடம் எங்களோடு இருந்துவிட்டுப் போன மாதம் செத்துப்போனது. நான் இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. சாப்பாடும் இறங்கவில்லை. “ஒரு நாய்க்காக இப்படியா?” என்று மாமியார் முதல் கந்தோர் சிநேகிதிகள் வரை கேட்கிறார்கள். நான் செய்வது பிழையா?
– வாசகி, தெஹிவளை

பதில்: பிழையே இல்லை, தங்கச்சி. எவ்வளவு அழலாம் என்பதை அடுத்தவர் சொல்ல விடாதீர்கள்.

மனிதர் இறந்தால் நமக்கு எட்டு இருக்கிறது, முப்பத்தொன்று இருக்கிறது. சொந்தபந்தம் வந்து கூட இருக்கும், அயலில் இருந்து சாப்பாடு வரும், இறந்தவரைப் பற்றித் திரும்பத் திரும்பக் கதைப்பார்கள். நாய் இறந்தால் அப்படி ஒன்றுமே கிடையாது. மறுநாள் விடிய 100ஆம் இலக்க பஸ்ஸில் இடிபட்டு வேலைக்குப் போக வேண்டும். கதைக்க ஆள் இல்லாத துக்கம் உள்ளேயே கிடந்து வருத்தும். நீங்கள் எடுத்த இரண்டு நாள் விடுப்பு நியாயமான விடுப்பு.

எங்கள் சூட்டி போனது போன மாசியில். பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா வைத்த பெயர் அது. வெள்ளவத்தையில் மருந்துக்கடை வாசலில் மழைக்கு ஒதுங்கிக் கிடந்த ஊர் நாய்க்குட்டி, எங்கள் தொடர்மாடிக்கு வந்து கிழவனாகும் வரை இருந்தான். சூடை மீன் பொரிக்கும் வாசம் வந்தால் குசினி வாசலில் படுத்துவிடுவான். பிறகு எழுப்பவே முடியாது. கடைசியில் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. மிருக வைத்தியர் தோலுக்கடியில் சேலைன் ஏற்றக் காட்டித் தந்தார். ஏற்றியதும் தோளில் நீர் ஒரு கட்டியாகத் திரண்டு நிற்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக முன்னங்காலுக்கு இறங்கி மறையும். அந்த இடத்தை உள்ளங்கையால் தடவிக்கொண்டு பக்கத்தில் இருப்பேன். தண்ணீரும் வயிற்றில் தங்காமல் போனபோது வைத்தியர் ஊசியைப் பற்றிப் பேசினார். முதலில் மயக்கம், அதன் பின்னரே உயிரை நிறுத்தும் மருந்து. நான் சம்மதித்தேன். வேதனையை இழுத்து நீட்டுவது அன்பல்ல என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. அந்த முடிவை எடுத்துவிட்டுக் குற்றவுணர்ச்சியோடு இருக்கும் வாசகர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்.

மாடிவீட்டில் மண் ஏது? ராகமையில் தோழி ஒருத்தியின் வளவுக்குக் கொண்டுபோனோம். துவாயில் சுற்றி என் மடியில் இருந்ததைக் கண்டதும் ஓட்டோத் தம்பி பாட்டை நிறுத்தினார். அங்கே போனதும் ஒன்றும் கேட்காமல் மண்வெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார். இடுப்பளவு வெட்டிவிட்டு, கிணறு எந்தப் பக்கம் என்று விசாரித்துத் திருப்திப்பட்ட பிறகுதான் இறக்கினார். மண்ணை மூடி மிதித்து, மேலே பாரமான கற்களையும் வைத்தார், வேறு நாய்கள் வந்து கிளறாமல் இருக்க. வளவில் புதைக்க நினைக்கும் எல்லோரும் இந்த மூன்றையும் கவனியுங்கள்: ஆழம், கிணற்றிலிருந்து தூரம், மேலே பாரம்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் “நித்திரை கொள்கிறான்”, “ஊருக்குப் போய்விட்டான்” என்று சொல்லாதீர்கள். செத்துவிட்டான் என்றே சொல்லி, பக்கத்தில் வைத்துக்கொண்டு அழுங்கள். ஊருக்குப் போனவன் திரும்பி வருவான் என்று பிள்ளை வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். சாப்பாட்டுக் கோப்பையை எப்போது எடுத்து வைப்பது என்பதை நீங்களே தீர்மானியுங்கள், மாமியார் அல்ல.

கேள்வி: கனடாவில் இருக்கும் மகன், இறந்துபோன எங்கள் பூனையின் படத்தைச் செயற்கை நுண்ணறிவில் போட்டு, அது தலையைத் திருப்பிக் கண்சிமிட்டுவது போல வீடியோ செய்து வட்ஸ்அப்பில் அனுப்பினான். பார்த்ததும் அழுகை வந்தது. ஆனால் மனதுக்கு ஒட்டவில்லை. ஏன்?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: அக்கா, முதலில் மகனுக்கு ஒரு நல்ல பதில் அனுப்புங்கள். அந்தப் பூனை அவருக்கும்தான் இல்லாமல் போனது. புதைக்கும்போது பக்கத்தில் நிற்கவும் அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

ஒட்டாததற்குக் காரணம் இருக்கிறது. அந்த மென்பொருள் உங்கள் பூனையை அறியாது. எண்ணற்ற பூனைகளின் காணொளிகளில் கற்றதை வைத்து, இந்தப் படத்தில் உள்ள பூனை அடுத்த நொடி எப்படி அசையக்கூடும் என்று ஊகித்து வரைகிறது. முகம் உங்கள் பூனையுடையது, அசைவு வேறு பூனைகளுடையது. அதனோடு வாழ்ந்த கண்ணுக்கு அது பிடிபட்டுவிடுகிறது.

படியாக்கம் (குளோனிங்), அதாவது ஒரு உயிரின் மரபணுவை அப்படியே எடுத்து இன்னொன்றை உருவாக்குவது, அதையும் செய்தே பார்த்திருக்கிறார்கள். 2001 டிசெம்பரில் அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் உலகின் முதல் படியாக்கப் பூனை பிறந்தது. சீசீ என்று பெயர். மூலப் பூனை ரெயின்போ மூன்று நிறக்காரி. அதே மரபணுவோடு பிறந்த சீசீயின் உடலில் செம்மஞ்சள் நிறமே இல்லை. பெண் பூனைக்கு, மரபணுக்களைத் தாங்கும் எக்ஸ் நிறமூர்த்தம் (குரோமோசோம்) இரண்டு. செம்மஞ்சளா கறுப்பா என்பதைத் தீர்மானிக்கும் மரபணு இருப்பது அதில்தான். கருவிலேயே ஒவ்வொரு கலத்திலும் இரண்டில் ஒன்று அடங்கிவிடும். எது அடங்கும் என்பது தற்செயல். சீசீயை உருவாக்க எடுத்த கலத்தில் செம்மஞ்சள் உள்ள பக்கம் அடங்கியிருந்தது. ஆய்வுகூடத்தில் மரபணுவை அப்படியே எடுத்தும் நிறத்தைக்கூடத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. யன்னலில் எந்த மூலையில் குந்தியிருக்கும், யாருடைய காலடிக்கு மட்டும் எழும்பி வரும் என்பதெல்லாம் எங்கே வரப்போகிறது!

அதற்காகத் தொழில்நுட்பத்தோடு உறவு வைத்த துக்கமெல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை. ஜப்பானில் சோனி நிறுவனம் 1999இல் ஐபோ என்ற இயந்திர நாயை விற்பனைக்கு விட்டது. 2014இல் பழைய ஐபோக்களைத் திருத்திக் கொடுப்பதை நிறுத்தியது. அதன் பின் சீபா மாகாணத்தில் கொஃபுகுஜி என்ற பௌத்த ஆலயத்தில் அந்த நாய்களை வரிசையாக வைத்து, பிக்கு பிரித் ஓதுவது போல மந்திரம் ஓதி வழியனுப்பினார்கள். அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. தனித்த வயோதிபர்கள் எத்தனை பேர் அதனோடு தினமும் கதைத்திருப்பார்கள்!

உங்களுக்கு நான் சொல்வது, உண்மையான வீடியோவைத் தேடி எடுங்கள். என்னிடம் ஒன்று இருக்கிறது. கரையோர ரயில் போகிறது, சூட்டி பால்கனிக் கம்பிக்குள் மூக்கை விட்டுக் குரைக்கிறான், பின்னால் குக்கர் விசில் அடிக்கிறது, “டேய், போதும்டா” என்று என் குரல் கேட்கிறது. படம் ஆடுகிறது, வெளிச்சமும் சரியில்லை. ஆனால் அது அவன். அப்படிப்பட்டவை பழைய போனோடு அழிந்துபோகும். மகனிடம் அனுப்பி இரண்டு மூன்று இடத்தில் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். அந்த வேலையில் அவர் உங்களை விடக் கெட்டிக்காரராக இருப்பார், அவருக்கும் மனம் ஆறும்.

கேள்வி: எங்கள் ஒழுங்கையில் கட்டாக்காலி நாய்க்கு ஒருவர் கொதிநீர் ஊற்றினார். சட்டம் என்ன செய்யும்?
– வாசகர், தெமட்டகொட

பதில்: பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள் ஐயா, படமோ சாட்சியோ இருந்தால் கொண்டுபோங்கள். ஆனால் நமது மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1907ஆம் ஆண்டுக்குரியது. அதில் வதைக்கு விதித்த தண்டப்பணம் ஆகக்கூடியது 100 ரூபா. அந்தக் காசுக்கு இன்று ஒரு தேங்காய் வாங்க முடியாது. 2006இல் சட்ட ஆணைக்குழு புதிய மிருக நலச் சட்ட வரைவைத் தயாரித்தது. மஹிந்த, மைத்திரி, கோட்டாபய, ரணில் என்று நான்கு ஜனாதிபதிகளின் காலம் போயும் அது வரைவாகவே கிடந்தது. வாக்கில்லாத சீவன்களுக்காக வாக்குள்ள நாம்தான் கேட்க வேண்டும். அடுத்த முறை உங்கள் வீட்டுப்படி ஏறி வாக்குக் கேட்பவரிடம் இந்தச் சட்டத்தைப் பற்றிக் கேளுங்கள்.

கேள்வி: மாகாண சபைத் தேர்தல் தேவைதானா?
– வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: தேவை. வடக்கில் 2013 செப்டெம்பரில் மக்கள் தெரிவு செய்த சபை 2018 ஒக்டோபரில் காலாவதியானது. அதன் பின் வருடக்கணக்காக ஆளுநர் நிர்வாகம். குறையுள்ள சபையைத் திருத்தக் கேட்கலாம். இல்லாத சபையிடம் எதைக் கேட்பது?

கேள்வி: ரயிலில் யானைகள் அடிபடுவதைத் தடுக்கத் தொழில்நுட்பமே இல்லையா?
– மட்டக்களப்புக்கு அடிக்கடி போகும் வாசகர், மருதானை

பதில்: இருக்கிறது. 2025 பெப்ரவரி 20ஆம் திகதி ஹபரணைப் பக்கம் மீனகயா ரயில் மோதி 6 யானைகள் இறந்தன. காயப்பட்டுக் கிடந்த இளம் யானையின் தும்பிக்கையோடு இன்னொரு யானை தன் தும்பிக்கையைச் சேர்த்துக்கொண்டு நின்ற காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சூட்டிக்குச் சேலைன் ஏற்றிக்கொண்டிருந்த நாட்கள் அவை. என்னால் அதை முழுதாகப் பார்க்க முடியவில்லை.

தமிழ்நாட்டில் கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் மதுக்கரையில் 2024 பெப்ரவரி முதல் ஒரு முறை இயங்குகிறது. காட்டுக்குள் போகும் தண்டவாளத்தின் ஓரம் கோபுரங்கள் அமைத்து, இருட்டிலும் உடற்சூட்டைக் கண்டுகொள்ளும் கமராக்களைப் பொருத்தியிருக்கிறார்கள். யானை வருகிறது என்று செயற்கை நுண்ணறிவு இனங்கண்டதும் வனத்துறைக்கும் ரயில்வேக்கும் தகவல் போகும். பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் செய்வதை இந்தப் பக்கம் செய்ய முடியாதா? கமரா வரும் வரைக்கும் இரவில் அந்தப் பகுதியில் வேகத்தைக் கண்டிப்பாகக் குறைக்கலாம். கொஞ்சம் பிந்தி மட்டக்களப்பில் இறங்குவதற்கு நீங்கள் சம்மதிப்பீர்கள் என்றே நம்புகிறேன்.

கேள்வி: பூனைக்கு உடம்பு சுடுகிறது. பனடோலில் பாதி கொடுக்கலாமா?
– வாசகி, வத்தளை

பதில்: வேண்டவே வேண்டாம், பிள்ளை. பனடோலில் உள்ள பரசிட்டமோலை முறித்து வெளியேற்றும் வசதி பூனையின் ஈரலுக்கு இல்லை. இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோக முடியாமல் பல் முரசு மண்ணிறமாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். ஒரு குளிசையே உயிரை எடுக்கப் போதும், பாதி கொடுப்பதும் ஆபத்துத்தான். ஏற்கெனவே கொடுத்திருந்தால் அறிகுறி தெரியும் வரை காத்திருக்க வேண்டாம். குளிசை மட்டையையும் எடுத்துக்கொண்டு இப்போதே மிருக வைத்தியரிடம் ஓடுங்கள், எத்தனை மணிக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று சரியாகச் சொல்லுங்கள். அதற்கு மாற்று மருந்து உண்டு, நேரத்தோடு போனால் காப்பாற்றலாம்.