திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரி தொடங்கியது 1844ஆ, 1883ஆ?

முன்னாள் மாணவர் மலருக்குக் கல்லூரியின் வரலாற்றை எழுதும்போது, தொடங்கிய ஆண்டு ஒரு இடத்தில் 1844, இன்னொரு இடத்தில் 1883 என்று பார்த்துக் குழம்பியிருக்கிறீர்கள். இரண்டுமே சரிதான். இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையினர் 1844இல் கல்லூரியைத் தொடங்கியது நாகப்பட்டினத்தில். திருச்சிக்கு மாற்றியது 1883இல். எனவே "1844இல் திருச்சியில் தொடங்கப்பட்டது" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அதுதான் தப்பு.

கல்லூரி தொடங்கிய நோக்கத்தைப் பற்றி எழுத, கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1773இல் போப்பாண்டவர் இயேசு சபையையே கலைத்துவிட்டார். 1814இல் அது மீண்டும் உயிர்பெற்றது. 1838இல் அந்தச் சபையின் பிரெஞ்சுக் குருக்கள் மதுரை மிஷனுக்கு, அதாவது மதுரைப் பகுதியில் சபை நடத்திய சமயப் பணிக்கு, வந்தார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்குப் படிப்பு வேண்டும் என்பது அவர்களுடைய முக்கியக் கவலை. ஆனால் கதவு மற்றவர்களுக்கும் திறந்தே இருந்தது. ராமேஸ்வரத்திலிருந்து வந்த அப்துல் கலாம் இங்கேதான் இயற்பியல் படித்து 1954இல் பட்டம் பெற்றார். நானாக இருந்தால் இந்தப் பகுதியைத்தான் விரித்து எழுதுவேன்.

அப்புறம், வீரமாமுனிவரை நிறுவனர் வரிசையில் சேர்த்துவிடாதீர்கள். அவரும் இயேசு சபைக்காரர்தான், ஆனால் 1747இலேயே காலமாகிவிட்டார்.