டிகக்

வணக்கம் சேர்,

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்தவன் நான். கொழும்பில் ஒரு கடையில் வேலை. அப்பாவுக்கு வயது 71. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியே காலம் கழித்தவர். இடுப்பு வலி என்று ஒரு வருஷமாக எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தோம். இப்போது புரஸ்டேட் புற்றுநோய், எலும்புக்கும் பரவிவிட்டது என்கிறார்கள். விதைகளை எடுக்கும் ஒப்பரேஷன், இல்லாவிட்டால் மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி, இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள் என்றார்கள் கண்டி ஆஸ்பத்திரியில். ஒப்பரேஷன் செய்தால் ஆம்பளைத்தனமே போய்விடும் என்று மாமா தடுக்கிறார். எது நல்லது சேர்? கட்டு அனோதா (முள்சீத்தா) இலை அவித்துக் கொடுக்கலாமா? புற்றுநோய் என்று அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. வலிக்கு மோர்பின் குளிசை தந்திருக்கிறார்கள். அது கடைசி மருந்து என்று எல்லாரும் சொல்வதால் அலுமாரியில் வைத்திருக்கிறோம். அப்பா ரொம்பத் தைரியசாலி சேர். எவ்வளவு வலித்தாலும் வாயைத் திறக்கமாட்டார்.

அன்புத் தம்பி,

அவசரமானதை உங்களுக்கு அன்றைக்கே தனியாக எழுதிவிட்டேன். மற்றதை உங்கள் சம்மதத்தோடு இங்கே எழுதுகிறேன். இதே கடிதத்தை எழுத நினைத்து எழுதாமல் இருக்கும் வீடுகள் நம் மலைகளில் நிறைய உண்டு.

முதலில் நீங்கள் கேட்டது. ஒப்பரேஷனும் ஊசியும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். புரஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் ஒரு சுரப்பி. அதில் வரும் இந்த நோய் டெஸ்டோஸ்டெரோன் என்ற ஹோர்மோனைத் தின்று வளர்கிறது. அதில் பெரும்பகுதி விதைகளில் சுரக்கிறது. அதை நிறுத்தினால் எலும்புக்குப் போன நோயும் ஒடுங்கும். 1941-இல் சிகாகோவில் சார்ல்ஸ் ஹக்கின்ஸ் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் இதைக் காட்டினார். எலும்பு வலியில் கிடந்தவர்களுக்கு வலி இறங்கியதை அவர் கண்டார். 1966-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இது நோயை வேரோடு எடுக்கும் வைத்தியம் இல்லை. அடக்கி வைக்கும், பலருக்கு ஆண்டுக்கணக்கில். அப்புறம் நோய் மறுபடி தலைதூக்கினால் வேறு மருந்துகள் இருக்கின்றன.

ஒப்பரேஷன் ஒரு தடவையோடு முடிந்துவிடும், ஆனால் திரும்ப மாற்ற முடியாது. ஊசி என்றால் தவணை தவறாமல் போக வேண்டும். பொதுவாகப் போடும் ஊசியில், முதல் தடவை போட்டதும் ஹோர்மோன் சில நாள் கூடிவிட்டுத்தான் குறையும். அதற்காக முன்கூட்டியே ஒரு குளிசை கொடுப்பார்கள், அதை விட்டுவிடாதீர்கள். மாமா பயப்படுகிற ஆசைக் குறைவு ஊசி போட்டாலும் வரும். உடம்பு தளர்வதும் எலும்பு மெலிவதும் அப்படியே. தலவாக்கலைக் குளிரில் நடுராத்திரி அப்பா கம்பளியை உதறிவிட்டு வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தால், காய்ச்சல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பயப்பட வேண்டாம், அதுவும் இந்த வைத்தியத்தோடு வருவதுதான்.

எது வேண்டும் என்று அப்பாதான் சொல்ல வேண்டும். மாமா யார்? நான் யார்? அதற்கு நோயின் பெயரை அவரிடம் சொல்லியாக வேண்டும். கண்டி கிளினிக் வாங்கில் அரை நாள் உட்கார்ந்துவிட்டு வந்த மனிதருக்கு ஒன்றும் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் அவர் தெரியாததுபோல இருக்கிறார். இலை விஷயம்: அது புற்றுநோயைக் குணமாக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கொடுத்தே தீருவோம் என்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள். மருந்தை நிறுத்திவிட்டுக் கொடுத்தால் அது அப்பாவுக்குச் செய்யும் துரோகம்.

இனி அலுமாரிக்கு வருகிறேன்.

மோர்பினை அலுமாரிக்குள் வைத்துவிட்டு, அப்பா தைரியசாலி என்று எனக்கு எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் கோபம் வந்தது தம்பி. பாதிக் கோபம் உங்கள் மேல், பாதி என் மேல்.

என் அப்பாவுக்கும் இதே நோய்தான். 1994-இல், மஸ்கெலியாப் பக்கம். அவரும் கவ்வாத்துக்காரர். சரிவில் ஒரு காலை ஊன்றி, குனிந்து, கத்தியை வீசியே முதுகு வளைந்தவர். இடுப்பு வலிக்கிறது என்றபோது வேலை செய்த உடம்பு, வலிக்கத்தான் செய்யும் என்றோம். தோட்டத்து டிஸ்பென்சரியில் பனடோல் கொடுத்தார்கள். ராத்திரியில் ஐந்தாறு தடவை சிறுநீர் கழிக்க எழுந்து லயத்து வீட்டுக்குப் பின்னால் போவார். போய் வெகுநேரம் நிற்பார். வயசானால் அப்படித்தான் என்றோம். கடைசியில் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனபோது நோய் முதுகெலும்பு வரை போயிருந்தது.

அங்கே டாக்டர் சிங்களத்தில் கேட்டார்: “ரிதெனவாத?” வலிக்கிறதா என்று. அப்பா என்னைப் பார்த்தார். வரும் வழியில் கினிகத்தேனை வளைவு ஒவ்வொன்றிலும் முன் சீட்டுக் கம்பியை அவர் எப்படிப் பிடித்தார் என்பதைப் பார்த்துக்கொண்டு வந்தவன் நான். “கொஞ்சம்னு சொல்லு” என்றார். நான் சொன்னேன்: “டிகக், மாத்தயா.” கொஞ்சம், ஐயா. அந்தச் சொல்லுக்குத் தகுந்த மருந்தை டாக்டர் எழுதினார். அவர் மேல் பிழையில்லை. ஏழு மாதத்தில் நாலு தடவை போனோம். நாலு தடவையும் நான் அதையே சொன்னேன்.

அப்பா போய்ப் பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் அம்மா அவருடைய கம்பளியைத் துவைக்கத் தண்ணீர்ப் பீலிக்கு எடுத்துக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன். கம்பளியின் ஒரு மூலை நைந்து நூல் நூலாக இருந்தது. எலி கடித்துவிட்டதா என்று கேட்டேன்.

“எலி இல்லடா. அப்பா. ராவுல வாயில வச்சுக் கடிச்சுக்குவாரு. புள்ளைககிட்ட சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிட்டாரு.”

நான் அடுத்த காம்பராவில்தான் படுத்திருந்தேன். நடுவே ஒரு சுவர்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அப்போதிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகாவிட்டால் பேர் இல்லை, அதாவது அன்றைய கூலி இல்லை. கொழுந்து குறைந்தால் அரைப் பேர். வலிக்கிறது என்று சொன்னால் அன்றைய கூலி போச்சு, அதோடு ஏச்சும் கிடைக்கும். அதற்கு முன்னே, தோட்ட வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து தலைமன்னாரில் இறங்கி மாத்தளைக்குக் காட்டுவழியாக நடத்திக்கொண்டு வரப்பட்டவர்களில், முடியவில்லை என்று உட்கார்ந்தவர்களை வழியிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். வலியை மறைக்கத் தெரிந்தவர்கள் மேலே வந்து சேர்ந்தார்கள். நாம் அவர்கள் பிள்ளைகள். 2023-இல், நம் மக்கள் மலையகத்துக்கு வந்த 200 ஆண்டை நினைவுகூர்ந்தபோது எத்தனை மேடையில் நம் மக்களின் தாங்கும் சக்தியைப் புகழ்ந்தார்கள்! நானும் ஒரு மேடையில் புகழ்ந்தேன், கைதட்டினார்கள். இனி ஒருபோதும் அப்படிப் பேசமாட்டேன். தோட்டத்துத் துரைக்கு முன்னால் மறைக்க வேண்டியிருந்த வலியை டாக்டருக்கு முன்னாலும் மறைக்கிறோம். துரை பேரை வெட்டினான். டாக்டர் எதை வெட்டப் போகிறார்? மறைத்தால் கம்பளிதான் கிழியும்.

மோர்பின் சாவுக்கு அடையாளம் இல்லை தம்பி, வலிக்கு மருந்து. புற்றுநோய் வலியை எப்படிப் படிப்படியாக அடக்குவது என்று உலக சுகாதார நிறுவனம் 1986-இலேயே எழுதி வைத்திருக்கிறது. சிறு வலிக்குப் பரசிட்டமோல் வகை, கடும் வலிக்கு மோர்பின். வலி வரும்வரை காத்திருக்காமல் மணிப்படி கொடுக்க வேண்டும். மாதக்கணக்கில், அதற்கு மேலும் அதைக் குடித்துக்கொண்டு நடமாடுபவர்கள் இருக்கிறார்கள். டாக்டர் சொன்ன அளவில் கொடுத்தால் அது ஆயுளைக் குறைக்காது. உண்மையான வலிக்குக் கொடுக்கும்போது போதைப் பழக்கமாவதும் அரிது. முதல் சில நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், பிறகு குறையும். மலச்சிக்கல் மட்டும் விடாது. அதற்கும் சேர்த்து மருந்து கேட்டு வாங்குங்கள், முதல் நாளிலிருந்தே. அப்பாவுக்குச் சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டருக்குத் தெரிய வேண்டும். அளவை நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். எழுப்ப முடியாத அளவுக்குத் தூங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். ஓரிடத்து எலும்பு வலிக்குக் கதிர்வீச்சு உண்டு. பலருக்கு ஒரே ஒரு தடவை போதும், அடுத்த சில வாரங்களில் வலி இறங்கும். கண்டியிலேயே அதற்கு வசதி இருக்கிறது, அரசாங்க ஆஸ்பத்திரி, காசு கேட்கமாட்டார்கள்.

வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டால் உங்கள் அப்பா “ரெண்டு” என்பார். அப்படிக் கேட்காதீர்கள். பீலிக்கரைக்கு நடக்க முடிகிறதா, குந்தி உட்கார முடிகிறதா, இருமினால் எங்கே பிடிக்கிறது, ராத்திரி எத்தனை மணிக்கு முழிப்பு வந்தது என்று கேளுங்கள். அம்மாவைத் தனியாகக் கேளுங்கள். அம்மாவுக்குத்தான் தெரியும். கேட்டதை ஒரு கொப்பியில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள்.

அன்றைக்குத் தனியாக எழுதிய விஷயத்தையும் மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். ஒரு வியாழக்கிழமை என் அப்பா “காலு பஞ்சு மாதிரி இருக்கு” என்றார். சனிக்கிழமை எழும்ப முடியவில்லை. திங்கட்கிழமை கிளினிக் நாள் என்று காத்திருந்தோம். அதன்பிறகு அவர் நடக்கவே இல்லை. முதுகெலும்பில் இருக்கும் நோய் உள்ளே போகும் நரம்புத் தண்டை அழுத்தினால் இப்படி வரும். கால் பலமிழப்பது, மரத்துப்போவது, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இல்லாமல் போவது, புதிதாக வரும் கடும் முதுகு வலி, இதில் எது வந்தாலும் அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். விடியட்டும் என்றுகூடப் பார்க்காதீர்கள். 1990-ஐ அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும்.

நீங்கள் கொழும்பில் இருப்பவர், உங்களுக்கு என்னைவிட நல்ல சிங்களம் வரும். அடுத்த கிளினிக்குக்கு லீவு போட்டுவிட்டு நீங்களே கூடப் போங்கள், மாமா வேண்டாம். “ரிதெனவாத” என்று கேட்பார்கள். அப்பா உங்கள் முகத்தைப் பார்த்து “கொஞ்சம்னு சொல்லு” என்பார். “கொடக் ரிதெனவா” என்று சொல்லுங்கள், நிறைய வலிக்கிறது என்று. “ரேட்ட நிந்த யன்னே நே” என்று சொல்லுங்கள், ராத்திரியில் தூக்கமே இல்லை என்று. அப்பா உங்களை முறைப்பார், முறைக்கட்டும்.

இன்று ராத்திரியே அம்மாவுக்குப் போன் பண்ணி, அந்தக் குளிசைகளை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு எத்தனை என்று உறையில் எழுதியிருக்கும். எழுத்து புரியாவிட்டால் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, கொழும்பிலேயே ஒரு பார்மசியில் காட்டி வாசித்துக் கேளுங்கள். ஒப்பரேஷனா ஊசியா என்று அப்பா சொன்னதும் எனக்கும் எழுதுங்கள்.