ஐந்து பேர் பேசுகிறார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள்

கேள்வி: உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கலைக்கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். பி.ஏ. பொருளாதாரம் முதலாண்டு, 58 பேர். கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரப்போகிறது, மாணவர் மையக் கற்பித்தல் முறையில் வகுப்பு எடுங்கள் என்கிறார்கள். குழு விவாதம் வைத்தால் ஐந்து பேர்தான் பேசுகிறார்கள். செமினார் கொடுத்தால் ஸ்லைடைப் பார்த்து வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். பெஞ்சையும் நகர்த்த முடியாது, போர்ஷனும் முடியவில்லை. எங்கே ஆரம்பிப்பது?

பதில்: குழு விவாதத்தையும் செமினாரையும் கொஞ்ச நாளைக்கு ஓரமாக வைத்துவிடுங்கள், மேடம். மாணவர் மையம் என்றாலே மாணவர்களைப் பேசவைப்பதுதான் என்று நாமாக எடுத்துக்கொண்டோம். பேச்செல்லாம் அப்புறம். 58 பேர் மனதிலும் இப்போது என்ன ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியவேண்டும், அதற்கேற்ப உங்கள் அடுத்த பத்து நிமிடம் மாறவேண்டும். இதற்கு உதவாத எந்த முறையும், பெயர் எவ்வளவு நன்றாக இருந்தாலும், வெறும் சார்ட் பேப்பர் செலவுதான்.

அந்தச் செலவை நானும் செய்தவன். முதல் வருடம் எட்டெட்டுப் பேராகப் பிரித்தேன். ஒவ்வொரு குழுவிலும் கையெழுத்து நன்றாக இருக்கும் ஒரு பெண் முழு சார்ட்டையும் எழுதி முடித்தாள். இரண்டு பேர் ஸ்கெட்ச் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்கள். மிச்சப் பேர் கேன்டீனில் இருந்தார்கள்.

ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மசூருக்கும் ஏறக்குறைய இதே ஏமாற்றம்தான். நன்றாக நடத்துகிறார் என்று மாணவர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அடிப்படைக் கருத்தைச் சோதிக்கும் எளிய கேள்வித்தாளைக் கொடுத்தபோது, ஒரு மாணவி, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா என்று கேட்டாராம். 1991-இலிருந்து மசூர் வகுப்பு நடத்தும் விதத்தையே மாற்றினார். பியர் இன்ஸ்ட்ரக்ஷன், அதாவது சக மாணவரிடமிருந்து கற்பது என்று பெயர். உங்கள் அசையாத பெஞ்சுக்கு இதுதான் தோது.

உங்கள் பாடத்திலேயே செய்து பார்ப்போம். தேவை, அளிப்பு நடத்தி முடித்ததும் போர்டில் இப்படி எழுதுங்கள்: 'பனியால் மாட்டுத்தாவணிக்கு மல்லி வரத்து குறைந்தது, விலை ஏறியது. நான்கு முழம் வாங்குகிறவர் ஒரு முழம் வாங்கினார். தேவைக் கோடு என்ன ஆனது? அ. இடப்பக்கம் நகர்ந்தது. ஆ. வலப்பக்கம் நகர்ந்தது. இ. நகரவே இல்லை.'

ஒரு நிமிடம் யாரும் பேசக்கூடாது. அப்புறம் 'ஒன்று, இரண்டு, மூன்று' சொன்னதும் எல்லாரும் ஒரே நேரத்தில் விரலை நெஞ்சோடு ஒட்டிக் காட்டவேண்டும்: அ-வுக்கு ஒரு விரல், ஆ-வுக்கு இரண்டு, இ-க்கு மூன்று. கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்லாதீர்கள், முதல் பெஞ்சைப் பார்த்து மொத்த வகுப்பும் அதே விரலைக் காட்டும்.

அ-வுக்குத்தான் நிறைய விரல் வரும். வாங்குவது குறைந்தால் தேவை குறைந்தது என்றுதானே தோன்றும்! ஆனால் சரியான விடை இ. எந்த விலைக்கு எவ்வளவு வாங்குவார்கள் என்று காட்டும் அந்தக் கோடு இருந்த இடத்தில்தான் இருக்கிறது. விலை ஏறியதால் அதே கோட்டின் மேல் நாம் நகர்ந்திருக்கிறோம், அவ்வளவுதான். இதை நீங்கள் உடனே சொல்லிவிடாமல் இருப்பதுதான் இந்த முறையில் கஷ்டமான பகுதி. சரியான விடை சுமார் 30-லிருந்து 70 சதவீதத்துக்குள் இருந்தால், வேறு விடை காட்டிய பக்கத்து ஆளோடு மூன்று நிமிடம் பேசவிடுங்கள். முன் பெஞ்ச் பின்னால் திரும்பினால் போதும். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று உட்கார்ந்திருந்தாலும் சங்கடமில்லை. எந்தத் தமிழில் வேண்டுமானாலும் பேசட்டும். மறுபடி விரல். 30-க்குக் கீழே போனால் தப்பு நம் பக்கம், திரும்ப நடத்துங்கள். 70-ஐத் தாண்டினால் இரண்டு வரியில் விளக்கிவிட்டு அடுத்ததற்குப் போய்விடலாம். அந்த அடுத்தது, 'தை முகூர்த்தம் வந்துவிட்டது, இப்போது?' என்பதாக இருக்கட்டும். வீட்டில் விடியற்காலையில் பூ பறித்துவிட்டு வரும் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருந்தால், இங்கே அவர்கள்தான் வாத்தியார்.

வாய்விட்டுப் பதில் கேட்கும்போது, கேட்டுவிட்டு ஐந்து வரை மனசுக்குள் எண்ணுங்கள். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள், மூன்று விநாடி காத்திருந்தாலே பதில்கள் நீளுகின்றன என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ பல ஆண்டுகளுக்கு முன்பே வகுப்பறைகளை ஆராய்ந்து சொல்லிவிட்டார்.

போர்ஷனுக்கு வருகிறேன். இப்படி ஒரு கேள்வி பத்து நிமிடம் தின்னும். அதை டிக்டேஷனிலிருந்து வெட்டுங்கள். வரைவிலக்கணம், எடுகோள்கள், விதிவிலக்குகள் எல்லாம் ஒரு பக்க ஜெராக்ஸ். வீட்டில் வீடியோ பார்த்துவிட்டு வா என்கிற முறையை நம்பாதீர்கள், சாயங்காலம் ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போகிற பையன் எப்போது பார்ப்பான்? ஒரு மணி வகுப்புக்கு ஒரே கேள்வி, வாரத்துக்கு இரண்டு வகுப்பு. ஆரம்பத்துக்கு அது போதும். ஹெச்.ஓ.டி. கேட்டால், 2014-இல் வெளியான ஃப்ரீமன் குழுவின் தொகுப்பைச் சொல்லுங்கள்: அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகள், செய்து கற்றவர்களைவிட வெறும் விரிவுரை கேட்டவர்கள் தோற்கும் வாய்ப்பு ஒன்றரை மடங்கு.

இன்னொன்று. 'மேடம் நடத்தவே மாட்டேங்கிறாங்க' என்று புகார் வரும், கட்டாயம் வரும். 2019-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக ஹார்வர்ட் இயற்பியல் வகுப்புகளில் பார்த்தபோது, செய்து கற்றவர்கள் கூடுதலாகக் கற்றிருந்தும் குறைவாகக் கற்றதாகவே நினைத்தார்கள். அதனால் முதல் ஓட்டு, இரண்டாம் ஓட்டு இரண்டையும் போர்டின் ஓரத்தில் எழுதிக் காட்டுங்கள். அதையே தேதி போட்டு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். நாக் குழுவிடம் கைதட்டல் போட்டோவை நீட்டுவதைவிட அந்த நோட்டை நீட்டுவது எனக்குப் பிடிக்கும்.

கடைசி மூன்று நிமிடம் துண்டுச்சீட்டு. பெயர் வேண்டாம். 'புரியாதது என்ன?' என்று கேட்டால் 58 சீட்டிலும் 'எல்லாம் புரிந்தது மேடம்' என்றுதான் வரும். 'இன்றைக்கு வராத உன் தோழனுக்கு நாளைக்கு இதைச் சொல்லும்போது எந்த இடத்தில் திக்குவாய்?' என்று கேளுங்கள். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் படித்துவிடலாம்.